முதல் ஐயாயிரம்: ஏரியா ரவுடி ஆளாகும் விதமும் புகார் எழுதும் விதமும்

ரவுடியின் பலம் அரிவாளில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் அவனுடைய வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவற்றில் வெட்டும் குத்தும் குறைவு. வாபஸ் வாங்கப்பட்ட புகார், மாதக்கணக்கில் தாமதமாக வந்த புகார், கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போன சாட்சி, இவைதான் அதிகம். அவன் சேர்த்து வைத்திருக்கும் முதலும் இதுதான். ஒருமுறை வெட்டியதைச் சொல்லியே பல வருடம் வசூல் பண்ணலாம், அந்த வழக்கில் தண்டனை விழாமல் இருந்தால் போதும்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் இதற்குத் தோதான சூழல் இருக்கிறது. முள்ளோடை, கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி, பாகூர் பக்கமெல்லாம் புதுச்சேரி எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்று உள்ளூர்க்காரருக்கே சில இடங்களில் யோசனை வரும். இந்தப் பக்கம் சம்பவம் பண்ணிவிட்டுப் பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்விடலாம். வேறு மாநிலம், வேறு காவல்துறை. பணம் புரளும் இடங்களும் தெரிந்தவைதான்: தொழிற்பேட்டைகளின் ஸ்கிராப், மனை வியாபாரம், ரெஸ்டோ பார், மணல், மதுக்கடத்தல், கந்துவட்டி.

மாமூல் முதல்முறை மிரட்டலாக வருவதே இல்லை. "அண்ணன் உங்கள ஒரு தடவ பாக்கணும்னாரு" என்று இரண்டு பசங்க வருவார்கள். இல்லாவிட்டால் கோயில் திருவிழா, அண்ணன் பிறந்தநாள் பேனர், கிரிக்கெட் டோர்னமென்ட் என்று ஒரு ரசீது புத்தகம் வரும். ரசீதோடு வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பின்னால் புகார் போனால், "நன்கொடைதான் கேட்டோம், அவரே மனசார எழுதினார்" என்று சொல்ல வழி கிடைக்கும். தொகையும் யோசித்து வைத்ததாகவே இருக்கும். கடையை ஒருநாள் மூடி ஸ்டேஷனுக்கு அலைந்தால் ஆகும் நஷ்டத்தைவிடக் கொஞ்சம் குறைவு. "தொலையட்டும்" என்று கொடுத்துவிடுகிறோம். அந்த ஐயாயிரம் அவனுக்குப் பெரிய வருமானமல்ல. நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்பது அன்றைக்கு அவனுக்கு உறுதியாகிறது. அடுத்த மாதம் அதே தெருவில் மற்ற கடைகளுக்குப் போகும்போது, "ஹார்டுவேர்காரரே கொடுத்துட்டாரு" என்று உங்கள் பெயரைத்தான் சொல்வான்.

அடுத்த படி இன்னும் சங்கடமானது, அதற்குக் காரணம் நாமே. வாடகைக்கு இருப்பவர் காலி செய்யவில்லை, கொடுத்த கடன் திரும்பவில்லை, பங்காளி வேலியைத் தள்ளிப் போடுகிறான். சிவில் கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்காகும். யாரோ ஒருவர் "அண்ணன்கிட்ட சொல்லிப் பாருங்களேன்" என்பார். நேற்றுவரை அவனுக்குப் பயந்தவர் இன்றைக்கு அவனிடம் பஞ்சாயத்துக்குப் போய் நிற்பார், வசூலில் ஒரு பங்கையும் கொடுப்பார். வக்கீல், டாக்டர், ஓய்வுபெற்ற அதிகாரி என்று படித்தவர்களும் இதில் உண்டு. தெருவே இப்படி நீதிபதியாக ஏற்றுக்கொண்ட ஒருவன் மேல் நாளைக்கு யார் சாட்சி சொல்வது? பூட்டிக் கிடக்கும் வீடுகளும் இந்தப் பஞ்சாயத்து வழியாகத்தான் கைமாறுகின்றன. புதுச்சேரியில் உரிமையாளர் பிரான்சில் இருப்பார், இங்கே போலி பவர் பத்திரம் ஒன்று தயாராகியிருக்கும். அப்படிச் சொத்து வைத்திருப்பவர்கள் சில மாதத்துக்கு ஒருமுறையாவது வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது நல்லது.

பயத்தைப் பரப்ப இன்றைக்குச் செலவும் அதிகமில்லை. ஜெயிலிலிருந்து ஒரு போன், வெளியே வந்த நாளில் பட்டாசு வெடித்து மாலை போட்ட ரீல்ஸ், எதிரி வீட்டுச் சுவரில் ஒரு நாட்டு வெடிகுண்டு. குண்டு ஆளைக் கொல்லாவிட்டாலும் பரவாயில்லை, தெரு முழுக்கச் சத்தம் கேட்டால் போதும். இந்த வேலைக்குப் பதினெட்டு வயது ஆகாத பையன்களைத்தான் தேடுகிறார்கள். மாட்டினாலும் சிறார் நீதி வாரியத்தோடு போய்விடும் என்ற கணக்கு. பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பிஎன்எஸ், இதற்குத் தனிப்பிரிவே வைத்திருக்கிறது. பிரிவு 95-இன்படி, சிறாரைக் குற்றச் செயலில் ஈடுபடுத்தியவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. குண்டு வீசியவன் சிறுவன் என்றால், அவனை அனுப்பியவன் பேரில் இந்தப் பிரிவு போடப்பட்டிருக்கிறதா என்று எஃப்ஐஆரில் பாருங்கள். பல நேரம் விட்டுப்போயிருக்கும்.

இனி புகார். ஸ்டேஷனுக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன: "மேற்படி நபர் என்னை மிரட்டிப் பணம் கேட்டார். தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதை வைத்துக்கொண்டு 2 ஆண்டு வரை தண்டனை உள்ள சாதாரண மிரட்டல் பிரிவிலேயே, 351(2)-இலேயே, விஷயத்தை முடித்துவிடலாம். நடந்த அதே சம்பவத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"12.6.2025 வியாழக்கிழமை இரவு சுமார் 8.40 மணிக்கு நான் கல்லாவில் இருந்தபோது, மேற்படி நபரும், பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய வேறு இருவரும் கடைக்குள் வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். 'மாசம் பத்தாயிரம் எடுத்து வெச்சிடு, இல்லன்னா டியூஷன் போயிட்டு வர்ற உன் புள்ளைய வழியிலயே போட்ருவோம்' என்று மேற்படி நபர் சொன்னார். பயந்துபோய்க் கல்லாவிலிருந்து ரூ. 5,000 எடுத்துக் கொடுத்தேன். கடையில் வேலை செய்யும் பையனும் எதிர்க்கடைக்காரரும் பார்த்தார்கள்."

இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேலை இருக்கிறது. அவன் சொன்ன வார்த்தை அப்படியே இருப்பதால் அது உயிருக்கு விடுத்த மிரட்டல் என்பது தெளிவாகிறது. மிரட்டல் உங்கள் உயிருக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பிள்ளைக்கு விடுத்த மிரட்டலும் சட்டப்படி போதும். "எடுத்துக் கொடுத்தேன்" என்பது மிக முக்கியம். பணம் கைமாறினால்தான் மிரட்டிப் பறித்தல் முழுக் குற்றமாகிறது. சாதாரணப் பறித்தலுக்கு 308(2)-இன்படி 7 ஆண்டு வரை, உயிர்பயம் காட்டிப் பறித்தால் 308(5)-இன்படி 10 ஆண்டு வரை. பணம் கொடுக்காமல் வந்துவிட்டீர்கள் என்றாலும் வழக்கு உண்டு. உயிர்பயம் காட்டிப் பறிக்க முயன்றது 308(4)-இல் வரும், 7 ஆண்டு வரை. "கொடுத்துத் தொலைச்சிட்டேன், அதனால புகார் கொடுக்க முடியாது" என்று நினைப்பவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். "அடையாளம் காட்டக்கூடிய இருவர்" என்று எழுதினால்தான் பிற்பாடு அடையாள அணிவகுப்புக்கு இடமிருக்கும். எழுதாமல் விட்டுவிட்டுக் கோர்ட்டில் முதல்முறையாக அடையாளம் காட்டினால், எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

பிரிவு மாறுவதால் இன்னொரு பலனும் உண்டு. குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் 173(3), 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் எஃப்ஐஆருக்கு முன்னால் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. 7 ஆண்டுத் தண்டனை உள்ள 308(2) அதற்குள் வராது. கைது செய்யத்தகு குற்றம் வெளிப்பட்டால் எஃப்ஐஆர் கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது.

சம்பவம் தமிழ்நாட்டு ரெட்டிச்சாவடி ஸ்டேஷன் எல்லையில், உங்கள் வீடு புதுச்சேரிக் கிருமாம்பாக்கம் ஸ்டேஷன் எல்லையில் என்றால், "அங்க போய்க் கொடுங்க" என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். எல்லை எதுவானாலும் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பும் ஜீரோ எஃப்ஐஆர் இப்போது 173(1)-இலேயே இருக்கிறது. எஃப்ஐஆர் நகல் உங்களுக்கு இலவசமாக வர வேண்டும். பதிய மறுத்தால் 173(4)-இன்படி எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில் புகாரை அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதுவும் நடக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய சான்று இல்லாமல் நேராக நடுவரிடம் போனால் மனு திரும்பி வரும். தாமதமாகக் கொடுக்கிறீர்கள் என்றால், பயத்தால் தாமதம் என்று காரணத்தைப் புகாரிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

சாட்சியங்களில் அதிகம் வீணாவது ஆடியோ. மிரட்டலைப் பதிவு செய்தவர் அதை நாலு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவார். கோர்ட்டுக்கு வருவது யாரோ ஃபார்வர்டு பண்ணிய கோப்பு. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில், மின்னணுப் பதிவுகளுக்கான பிரிவு 63-இன் சான்றிதழ் இரண்டு பகுதியாகக் கேட்கிறது. கருவியை வைத்திருந்தவர் தர வேண்டியது ஒன்று, நிபுணர் தர வேண்டியது இன்னொன்று. இரண்டிலும் கோப்பின் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு, குறிப்பிடப்பட வேண்டும். போனை அப்படியே ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். சிசிடிவி இன்னும் அவசரம். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய காட்சி மேல் புதியது ஏறிவிடும், பல கடைகளில் இரண்டு மூன்று வாரம்கூடத் தங்காது. சம்பவம் நடந்த அன்றே நகல் எடுத்துவிட்டு, காட்சி பதிவாகும் டிவிஆர் பெட்டியைக் கைப்பற்றச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள்.

எஃப்ஐஆர் ஆன பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். பொது நண்பர் ஒருவர் வருவார். "சமாதானமா போயிடலாம், பசங்க தெரியாம பண்ணிட்டாங்க." பறித்தல் குற்றம் பிஎன்எஸ்எஸ் 359-இன் சமரசப் பட்டியலிலேயே இல்லை. விசாரணை நீதிமன்றத்தில் சட்டப்படி சமாதானமாகப் போக வழி கிடையாது. அப்படியானால் அந்த நண்பர் கேட்பது என்ன? கூண்டில் ஏறிப் பிறழ் சாட்சியாகுங்கள் என்பதைத்தான். புகார் எழுதிய கையே அதை மறுக்கும்போது அவனுக்கு விடுதலை கிடைக்கிறது. அந்தத் தீர்ப்பு நகல் அடுத்த பத்துக் கடைகளில் அவனுக்காகப் பேசும்.

இதைத் தடுக்க இரண்டு வழி இருக்கின்றன, இரண்டுமே குறைவாகப் பயன்படுகின்றன. பிஎன்எஸ்எஸ் 183-இன்படி நடுவர் முன்னால் வாக்குமூலம் கொடுப்பது ஒன்று. நீங்களாகப் போய் நிற்க முடியாது, விசாரணை அதிகாரி மூலமாகத்தான் போக வேண்டும். ஆகவே புகார் கொடுத்த வாரத்திலேயே அவரிடம் எழுத்தில் கேளுங்கள். அது மட்டுமே தண்டனைக்குப் போதாது. ஆனால் பிறழச் சொல்லி நெருக்குபவர்களிடம், "மாத்திச் சொன்னா பொய்ச் சாட்சி கேஸ் என் மேலயே வரும்" என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.

இன்னொன்று, 2018 டிசம்பர் 5 அன்று மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பம் போக வேண்டும். அச்சுறுத்தல் மதிப்பீட்டு அறிக்கையைக் காவல்துறை 5 வேலை நாளில் கொடுக்க வேண்டும், அறிக்கை வந்த 5 வேலை நாளில் குழு முடிவு சொல்ல வேண்டும். கோர்ட்டுக்குப் போய்வரக் காவல், வீட்டில் கேமரா, எதிரியோடு நேருக்கு நேர் வராமல் சாட்சியம் என்று பாதுகாப்பு பலவிதம். ஒருமுறைக்கு 3 மாதம் வரை உத்தரவு கிடைக்கும், பிறகு மறுபரிசீலனை. ஆனால் 7 ஆண்டு வரையோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தத் திட்டம் பொருந்தும். "மிரட்டினார்" என்று ஒற்றை வரியில் எழுதிய புகார் 351(2)-இல் போய் விழுந்தால், இந்தக் கதவும் மூடிக்கொள்கிறது. சாட்சியைப் பொய் சொல்ல மிரட்டுவது தனிக் குற்றம், பிஎன்எஸ் 232, 7 ஆண்டு வரை.

குண்டாஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. கடலூரில் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம், புதுச்சேரியில் 2008-ஆம் ஆண்டின் சமூகவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம். தமிழ்நாட்டில் அதிகபட்சத் தடுப்புக்காவல் 12 மாதம். மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகல் தெளிவாக இல்லை என்பது போன்ற காரணங்களால் உயர் நீதிமன்றத்தில் ரத்தாவதும் சாதாரணம். அது தண்டனையே அல்ல. அடிப்படை வழக்கில் சாட்சி நிற்காவிட்டால், வெளியே வரும் நாளில் மறுபடி பட்டாசுதான். நிதானமாக வேலை செய்வது பிஎன்எஸ்எஸ் 129-இன் நன்னடத்தைப் பிணை. மீறினால் எழுதிக் கொடுத்த பிணைத் தொகை பறிபோகும். அமைப்பாக இயங்குபவர்கள் மேல், பத்து ஆண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை இருந்தால், பிஎன்எஸ் 111 வரும், குறைந்தது 5 ஆண்டு. அந்தக் கணக்கில் சேர உங்கள் வழக்கும் குற்றப்பத்திரிகை வரை போயிருக்க வேண்டும்.

அவன் ஜாமீனில் வந்தால் உத்தரவு நகலை வாங்கி நிபந்தனைகளைப் படியுங்கள். தினமும் எந்த ஸ்டேஷனில், எத்தனை மணிக்குக் கையெழுத்து, யாரைப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். நிபந்தனையை மீறி உங்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனாலும், வாயைத் திறக்காவிட்டாலும், அன்றைய சிசிடிவி நகலோடு தேதி, மணி போட்டுத் தனிப்புகார் கொடுங்கள். ஜாமீனை ரத்து செய்யும் அதிகாரம் பிஎன்எஸ்எஸ் 483(3)-இன்படி அமர்வு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் உண்டு. அரசு வக்கீலுக்காகக் காத்திருக்காமல் பாதிக்கப்பட்டவரே மனு போடலாம். மனுவில் முதலில் கேட்கப்படுவது அந்தத் தேதிகளைத்தான்.