1 டிபி டிஸ்க்கில் 931 ஜிபி ஏன்?

புதிதாக வாங்கிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகினால் 931 ஜிபி என்றுதான் காட்டும். மீதி எங்கே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க்கில் எதுவும் குறையவில்லை. செய்த கம்பெனி ஒரு கணக்கில் எண்ணுகிறது, விண்டோஸ் வேறு கணக்கில் எண்ணுகிறது.

கம்பெனிக்கு 1 டெராபைட் என்றால் லட்சம் கோடி பைட். கிலோகிராம், கிலோமீட்டரில் வரும் அதே ஆயிரம்தான் இங்கும் படிப்படியாகப் பெருகுகிறது. விண்டோஸோ 1024 பைட்டை ஒரு கேபி, 1024 கேபியை ஒரு எம்பி, 1024 எம்பியை ஒரு ஜிபி என்று எண்ணும். லட்சம் கோடியை 1024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், 931.3 வரும்.

சரி, இந்த 1024 எங்கிருந்து வந்தது? ரேமிலிருந்து. நினைவகத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் 0, 1 ஆகியவற்றால் ஆன ஒரு முகவரி உண்டு. முகவரியில் ஓர் இலக்கம் கூடினால் இடங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். 10 இலக்கம் இருந்தால் 1024 இடம். ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதையே கிலோ என்று அழைத்துவிட்டார்கள். கிலோ அளவில் வித்தியாசம் வெறும் 2.4 சதவீதம், யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால் மெகாவில் அது 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஆகிவிடுகிறது.

ஹார்ட் டிஸ்க்குக்கு இந்த இரட்டிப்புக் கட்டாயம் இல்லை. ஆயிரத்தில் எண்ணினால் அட்டைப்பெட்டியில் பெரிய எண்ணாகவும் போடலாம்! இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது பழைய ஃபிளாப்பி. அதில் இருந்தது 14,74,560 பைட். ஆயிரக் கணக்கில் 1.47 எம்பி, 1024 கணக்கில் 1.41 எம்பி. மேலே அச்சிட்டதோ 1.44! 1440 கேபியை 1024-இல் எண்ணிவிட்டு, அதை எம்பி ஆக்கும்போது மட்டும் 1000-ஆல் வகுத்திருக்கிறார்கள்.

குழப்பத்தைத் தீர்க்க, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் 1024 கணக்குக்கென்றே மெபிபைட், டெபிபைட் போன்ற தனிப் பெயர்களைக் கொடுத்தது. லினக்ஸ் கருவிகள் பலவற்றில் அவை தென்படும். ஆப்பிள் 2009-இல் மேக் கணினிகளில் டிஸ்க் அளவை ஆயிரக் கணக்குக்கே மாற்றிவிட்டது. அதனால் அதே டிஸ்க் மேக்கில் 1 டிபி என்றே தெரியும். விண்டோஸ் இன்னும் 1024-இல் எண்ணி, பக்கத்தில் ஜிபி என்று எழுதுகிறது.

அப்புறம், உங்கள் போன் பெட்டியில் ‘8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ்’ என்று இருந்தால், முதல் ஜிபி 1024 கணக்கு, அடுத்தது ஆயிரக் கணக்கு.