ஸ்லைடு பிடிஎஃப் ஆகும்போது எழுத்துக்கு என்ன நேர்கிறது?

பெங்களூரு அல்சூரில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்துக்காக நான் தயாரித்த ஸ்லைடுகளை அருகிலிருந்த ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கக் கொடுத்தபோது, தலைப்பு இரண்டாம் வரிக்கு இறங்கிப் படத்தின் மேல் விழுந்திருந்தது. "பிடிஎஃப்பா போட்டுக் கொண்டாங்க சார்" என்றார் கடைக்காரர். கோப்பில் பிழை ஏதுமில்லை. அது எழுதப்பட்டிருக்கும் முறையே அப்படி.

ஸ்லைடுகளைச் சேமிக்கும் பிபிடிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி, அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. அதைப் பிரித்தால் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது குறிச்சொற்களிட்டு எழுதிய உரைக்கோப்பு, கிடைக்கும். இந்தப் பெட்டிக்குள் இந்த வாசகம், இந்த எழுத்துரு, இந்த அளவு என்னும் குறிப்புகள் அதில் இருக்குமே தவிர, வரி எங்கே முறியவேண்டும் என்பது பொதுவாக இராது. திறக்கும் கணினிதான் எழுத்துகளின் அகலத்தைக் கூட்டிப் பார்த்து அதை ஒவ்வொரு முறையும் முடிவு செய்கிறது. கேட்ட எழுத்துரு அங்கே இல்லையென்றால் வேறொன்று அந்த இடத்துக்கு வரும். அகலம் மாறும், வரியும் மாறும்.

அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டு, 2008-இல் ஐஎஸ்ஓ என்னும் உலகத் தர அமைப்பின் தரமாகிய பிடிஎஃப், இந்தக் கணக்கின் விடையை மட்டும் பதிந்து வைக்கிறது. ஸ்லைடில் ஓர் அங்குலம் என்பது 9,14,400 அலகுகள். பிடிஎஃபில் 72 புள்ளிகள். ஆகவே 13.33 அங்குல அகலமும் 7.5 அங்குல உயரமும் கொண்ட ஸ்லைடு, 960-க்கு 540 புள்ளிகள் கொண்ட பக்கமாகிறது. ஸ்லைடு மேல் இடது மூலையிலிருந்து அளக்க, பிடிஎஃப் வழக்கமாகக் கீழ் இடது மூலையிலிருந்து அளப்பதால், மேலிருந்து ஓர் அங்குலத்தில் உள்ள இடத்தின் உயரம் 468 (540-இல் 72 போக) என்று எழுதப்படும். எழுத்துருவில் பயன்பட்ட வடிவங்கள் மட்டும் பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே சேர்க்கப்படுகின்றன. அசைவூட்டங்களுக்கு இங்கே இடமில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டியவை எல்லாம் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும்.

தமிழுக்கு வரும் சிக்கல் வேறு. 'கொ' என்பது, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில், 'க' என்ற எழுத்தும், அதன்பின் வரும் ஒகரக் குறியும் ஆகும். திரையிலோ அந்தக் குறி கொம்பாகவும் காலாகவும் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னே போய் நிற்கிறது. பிடிஎஃப் பதிவது பெரும்பாலும் இந்தக் காட்சி வரிசையைத்தான். எந்த வடிவம் எந்த எழுத்து என்பதைச் சொல்ல தனியே ஓர் அட்டவணை வேண்டும். மாற்றும் மென்பொருள் அதைக் கவனமாக எழுதவில்லையென்றால், பக்கத்தில் அழகாகத் தெரியும் 'கொடி'யை நகலெடுத்து ஒட்டும்போது 'ெகாடி' வந்து விழும். தேடலிலும் அந்தச் சொல் அகப்படாது. அச்சுக்குப் போகும் ஸ்லைடுகளில் இதனால் நட்டமில்லை. பின்னாளில் தேடிப் படிக்கவேண்டிய பாடக்குறிப்புகள் என்றால், பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்த பிறகே மூலக் கோப்பை அழிப்பது என் வழக்கம்.