குடும்பப் பெயரை விடுங்கள், பண்ணையின் பெயரைத் தேடுங்கள்

1600-களின் கடைசியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள். முதலில் கப்பலேறி வந்தவர் கிடைத்துவிடுவார், அவருடைய அப்பா கிடைக்க மாட்டார்.

வந்தவர் இங்கிலாந்துக்காரர் என்றால் ஓரளவு பரவாயில்லை. அங்கே குடும்பப் பெயர் எப்போதோ நிலைத்துவிட்டது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் சர்ச்சில் பதிந்து வைக்க வேண்டும் என்று 1538-லேயே உத்தரவும் வந்துவிட்டது. எல்லா ஏடும் பிழைத்துவிடவில்லை, அது வேறு கதை.

வேல்ஸ்காரர் என்றால்தான் சிக்கல். அங்கே சாதாரண ஜனங்களில் பலருக்கு அப்போது குடும்பப் பெயரே கிடையாது. நம்ம இனிஷியல் மாதிரி அப்பா பெயர்தான், நடுவில் மகன் என்பதைச் சொல்ல ஒரு 'ஆப்'. ரைஸின் மகன் ஹியூ ஆப் ரைஸ், அவர் மகன் ஜான் ஆப் ஹியூ. ஆங்கில வழக்கத்துக்கு மாறும்போது அந்த நேரத்தில் இருந்த பெயர் அப்படியே உறைந்துவிடும்: ஆப் ஹியூ 'பியூ' ஆகும், ஆப் ரைஸ் 'பிரைஸ்' ஆகும். ஆக, பிரைஸ் என்று தேடினால் சம்பந்தமே இல்லாத ஆயிரம் பிரைஸ்கள் வந்து நிற்பார்கள்.

எட்வர்ட் ஃபோக்கைப் பாருங்கள். 1698-ல் மனைவி, ஒன்பது பிள்ளைகளோடு வேல்ஸின் மெரியோனெத் மாவட்டத்திலிருந்து வந்து பென்சில்வேனியாவின் குவினெத்தில் குடியேறியவர். நல்லவேளை, தன் பரம்பரையைத் தானே எழுதி வைத்தார்: அப்பா ஃபோக், தாத்தா தாமஸ். அதாவது 'ஃபோக்' என்ற குடும்பமே அவரிடமிருந்துதான் தொடங்குகிறது! அந்தப் பட்டியல் 12-ம் நூற்றாண்டில் பென்லின் என்ற பகுதியின் பிரபுவாக இருந்த ஒருவர் வரை ஏறுகிறது. பழைய வேல்ஸ் சட்டத்தில் நில உரிமை வம்சாவளியை வைத்துத்தான் என்பதால் இதையெல்லாம் அக்கறையாக நினைவில் வைத்திருந்தார்கள், இருந்தாலும் மேல் பாதியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

இப்படி எழுதி வைக்காதவர்களுக்கு? உங்கள் ஆள் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்றால், அந்தப் பிரிவின் ஏடுகள் கைகொடுக்கும். ஊரை விட்டுக் கிளம்புகிறவருக்கு உள்ளூர் சபை ஒரு நன்னடத்தைச் சான்று தரும், போய்ச் சேர்ந்த இடத்துச் சபை அதைத் தன் ஏட்டில் எழுதிக்கொள்ளும். அதில் ஊர்ப் பெயரோ பண்ணைப் பெயரோ இருந்தால் போதும், அதை வைத்து அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தின் பழைய உயில்களுக்குப் போய்விடலாம். தேதியில் மட்டும் கவனம்: 1752-க்கு முன் குவேக்கர்களுக்கு மார்ச்தான் முதல் மாதம், எனவே '1702, 11-ம் மாதம்' என்பது நம் கணக்கில் 1703 ஜனவரி.

சரி, டிஎன்ஏ? அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம் பெயர் மாறினாலும் மாறாது, அதனால் ஒரு பியூவும் ஒரு பிரைஸும் பங்காளிகள் என்று அது காட்டிக்கொடுக்கலாம். ஆனால் "நீங்கள் இத்தனை சதவீதம் வேல்ஸ்" என்று வரும் அறிக்கையால் ஒரு கிராமத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

அச்சில் வந்த பழைய வம்சாவளிப் புத்தகம் கையில் இருந்தால், தயாரித்தவர் பெயரை முதலில் பாருங்கள். கஸ்டவ் ஆஞ்சு என்றிருந்தால் ஒரு வரியைக்கூட நம்பாதீர்கள். 1942-ல் இறந்த இந்த ஆள், பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு போலிப் பரம்பரை செய்துகொடுத்தவர்.