வெள்ளம் புதிது, தண்ணீர் பழையது

"ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணிக்கிற கம்ப்யூட்டர் மாதிரிக்கு, அந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு இருந்தால் என்ன?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. வெள்ளம் மட்டும்தான் கவலை என்றால் உப்பை மறந்துவிட்டே காலம் தள்ளலாம்.

நீரியல் மாதிரி என்பது சில கற்பனைச் சேமிப்புகள்: மேல்மண் ஒன்று, நிலத்தடி ஒன்று. எதிலிருந்து எவ்வளவு வேகமாக நீர் வடியும் என்பதற்குச் சில எண்கள். கணக்கில் வரும் ஓட்டமும் ஆற்றில் அளந்த ஓட்டமும் ஒத்துப்போகும்வரை அந்த எண்களை மாற்றிப் பார்ப்பதுதான் அளவுத்திருத்தம். பொருத்தத்துக்கு மார்க் போட நீரியலாளர்கள் நாஷும் சட்கிளிஃபும் 1970-இல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1 வாங்கினால் கச்சிதம். 0 என்றால், தினமும் சராசரி ஓட்டத்தையே ஒப்பிப்பதும் அந்த மாதிரியும் ஒன்றுதான். சிக்கல் என்னவென்றால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண் தொகுப்புகளும் ஏறக்குறைய ஒரே மார்க் வாங்கிவிடும்.

வேல்ஸில் ப்ளின்லிமன் என்றொரு மலை. செவர்ன், வை ஆறுகள் பிறக்கும் இடம். அங்கே மழையோடு கடலுப்பின் குளோரைடும் வந்து விழும். கடற்காற்று பலமாக அடிக்கிற புயலில் அது எகிறும், அடுத்த மழையில் இறங்கிவிடும். குளோரைடு பெரும்பாலும் மண்ணோடு வினைபுரியாமல் நீர் போகிற வழியே போகும். இப்போது ஓடையைப் பாருங்கள். மழை பெய்த சில மணி நேரத்தில் ஓட்டம் பொங்குகிறது. குளோரைடோ பெரிதாக அசைவதில்லை. அப்படியானால் பொங்கி வருவதில் பெரும்பகுதி இன்றைய மழையே அல்ல. முன்பே பெய்து மண்ணுக்குள் தங்கியிருந்த பழைய நீர்!

எனக்கு அலுக்காத இடம் இதுதான். வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பைத் திறந்தால் மறுமுனையில் உடனே நீர் கொட்டும், கையையும் சுடும். அது பைப்புக்குள் ஏற்கெனவே கிடந்த நீர். மலைச்சரிவிலும் அதேதான். ஊறிய மண்ணில் புது மழை இறங்கியதும் நிலத்தடி நீர்மட்டம் ஏறுகிறது, அழுத்தம் கூடுகிறது, ஓடையோரத்தில் இருந்த பழைய நீர் வெளியே தள்ளப்படுகிறது. அழுத்தம் பரவும் வேகம் வேறு, நீர் நகரும் வேகம் வேறு. ஓட்டத்தை அளக்கும் கருவிக்கு முதலாவது மட்டுமே தெரியும்.

ஆகவே ஓட்டம், குளோரைடு இரண்டுக்கும் சேர்த்து மார்க் போட்டால், முன்பு தேறிய மாதிரிகள் பல கோட்டைவிடும். ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தில் தலையிடாமல், புது நீரைத் தன்னோடு கலந்து உப்பை மட்டுப்படுத்தும் பெரிய சேமிப்பு ஒன்றைச் சேர்த்தால்தான் கணக்கு உதைக்காது. ப்ளின்லிமன் குளோரைடை அலசிய கிர்ச்னர், ஃபெங், நீல் மூவரும் 2000-இல் காட்டியது: மழையில் கொஞ்சம் சீக்கிரமே வெளியேறுகிறது, மீதி வெகுகாலம் கசிந்துகொண்டே இருக்கிறது. அதில் கரைந்த மாசுக்கும் அதே கதிதான். ஓட்டத்தை மட்டும் வைத்துத் திருத்திய மாதிரியிடம் போய் 'ஆறு எப்போது சுத்தமாகும்' என்று கேட்பது ஜோசியம் பார்ப்பதற்குச் சமம்.

இதற்கெல்லாம் ஆதாரம் சலிப்பான ஒரு வேலை: பாட்டிலில் நீர் பிடிப்பது. ப்ளின்லிமனில் 1983 முதல் வாராவாரம் பிடித்தார்கள். 2007-இல் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்கு மேல் 7 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதென்ன 7? தானியங்கிக் கருவியில் 24 பாட்டில்கள், வாரத்துக்கு 168 மணி நேரம், வகுத்துப் பாருங்கள். தவிர, இப்படி எடுத்தால் ஒரு வாரத்தில் நாளின் ஒவ்வொரு மணியும் ஒருமுறை வந்துவிடும். சூப்பர் கம்ப்யூட்டருக்குப் பணம் கேட்டால் கிடைக்கிறது, பாட்டிலுக்குக் கேட்டால் 'இதில் புதுசாக என்ன?' என்கிறார்கள். என் ஓட்டு பாட்டிலுக்குத்தான்.

சரி, குளோரைடுக்குப் பதிலாக, உரத்தில் இருக்கும் நைட்ரேட்டை வைத்துத் திருத்தலாமா? செடிகள் அதை உறிஞ்சும். காற்றில்லாத ஈரமண்ணில் பாக்டீரியாக்கள் அதை வாயுவாக்கி விட்டுவிடும். அவற்றுக்கும் எண்கள் சேர்த்தால் பழைய குழப்பம் திரும்ப வரும். முதலில் குளோரைடைக் கொண்டு நீரின் பாதையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் நைட்ரேட்டுக்குப் போகலாம் என்பது என் கட்சி.