கரண்டியில் எலுமிச்சை: ஒரு குவார்ட்டர்பேக்கின் தோள்

2005 டிசம்பர் 31, சான் டியேகோ. அமெரிக்கக் கால்பந்தில் சார்ஜர்ஸ் அணிக்கு அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். கையிலிருந்து தட்டிவிடப்பட்டுத் தரையில் உருண்ட பந்தை எடுக்க அந்த அணியின் குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ் பாய்ந்தார். டென்வர் அணியின் கனத்த ஆட்டக்காரர் ஒருவர் அவர்மேல் வந்து விழுந்தார். பிரீஸின் வலது தோள் மூட்டு கழன்றுவிட்டது. பந்தை எறிவதுதான் அவர் தொழில், எறிவதும் வலது கையால்தான். அணியோடு இருந்த ஒப்பந்தமும் முடியப் போகிற நேரம்.

அமெரிக்கக் கால்பந்து பெயரில்தான் கால்பந்து. பெரும்பாலும் கையால் ஆடுவது. 11 பேர் கொண்ட அணி 4 முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும். என்ன ஆட்டம் என்பதைப் பயிற்சியாளர் அவருடைய தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் சொல்வார். அடுத்த முயற்சியைத் தொடங்க வேண்டிய கெடுவைக் காட்டும் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்தத் தொடர்பு தானாகவே துண்டிக்கப்படும். அதற்குப் பிறகு எல்லாம் அவர் பொறுப்பு. பந்து கைக்கு வந்த கணத்திலிருந்து எறிவதற்கு ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று விநாடிதான் கிடைக்கும்.

முதலில் பந்து. எடை 397 முதல் 425 கிராம், நீளம் சுமார் 28 சென்டிமீட்டர், உள்ளே காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு. கிரிக்கெட் பந்தைப் போல இரண்டரை மடங்கு கனம். மாட்டுத்தோலில் செய்யப்படுவதால் புதுப் பந்தின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். ஆட்டத்துக்கு முன் அணியின் பணியாளர்கள் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து அதை எடுக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் மோதிர விரலையும் சுண்டு விரலையும் தையல் கயிற்றின் மேல் வைத்து, ஆள்காட்டி விரலைப் பந்தின் நுனிப்பக்கம் நீட்டிக்கொள்வார்கள். உள்ளங்கை பந்தில் முழுக்க ஒட்டக் கூடாது. ஒட்டினால் பந்து விரல் வழியாக வழுக்கி வெளியேறாது.

எறிதல் கையில் தொடங்குவதில்லை, தரையில் தொடங்குகிறது. பின்காலை அழுத்தி ஊன்றி, முன்காலை இலக்கை நோக்கி எடுத்து வைக்க வேண்டும். முதலில் இடுப்பு திரும்பும். தோள் அந்த நேரத்தில் இன்னும் பின்னாலேயே நிற்கும். இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே விழும் இந்த முறுக்கில்தான் வேகம் சேர்கிறது. பிறகு நெஞ்சு திரும்பும், முழங்கை முன்னே வரும், முன்கை மட்டும் வில்லைப் போலப் பின்னுக்கு வளைந்து கிடக்கும். கடைசியில் மேற்கை எலும்பு தன் அச்சிலேயே உள்நோக்கிச் சுழலும். அந்தச் சுழற்சியின் உச்ச வேகம் விநாடிக்குச் சுமார் 5000 பாகை. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் 5 பாகை திரும்பிவிடுகிறது என்று அர்த்தம்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் பந்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். முன்காலை அளவுக்கு மீறி நீட்டி வைத்தால் உடல் பின்தங்கி, பந்து பிடிப்பவர் தலைக்கு மேலே போகும். முழங்கை தோள்மட்டத்துக்குக் கீழே இறங்கினால் விசை குறையும், தோளின் முன்பக்கத்தில் சுமை ஏறும். எதிராளிக்குப் பயந்து பின்னால் சாய்ந்தபடி எறிந்தால் காலும் இடுப்பும் தரவேண்டிய விசையைத் தோள் ஒன்றே தர வேண்டிவரும். ஒரு பருவம் முழுவதும் அப்படி எறிந்தவரின் தோள் நிச்சயம் கணக்குக் கேட்கும்.

பந்து கையை விட்டுப் போகும்போது கடைசியாகத் தொட்டுக்கொண்டிருப்பது ஆள்காட்டி விரல். அது பந்தின் பக்கவாட்டை இழுத்துவிடுவதால் பந்து தன் நீள அச்சைச் சுற்றிச் சுழலத் தொடங்கும், நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று. சுழலாத பந்து காற்றில் குட்டிக்கரணம் போடும். சுழலும் பந்தின் முனை சாயாமல் நிற்கும். ஆனால் ஒரு கேள்வி எழும்: எறியும்போது மேலே பார்த்த முனை, இறங்கும்போது எப்படிக் கீழே பார்க்கிறது? பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாய்க்கப் பார்ப்பது புவியீர்ப்பு. பம்பரமோ விழாமல் தலையை வட்டமாக ஆட்டுகிறது. பந்தின் விஷயத்தில் சாய்க்கப் பார்ப்பது எதிர்க்காற்று. பந்தும் விழாமல், தான் போகும் திசையைச் சுற்றியே முனையை ஆட்டுகிறது. திசை கீழே வளைய வளைய முனையும் கூடவே வளைகிறது. ரிச்சர்ட் பிரைஸ், வில்லியம் மாஸ், டிமோத்தி கே ஆகிய மூன்று இயற்பியலாளர்கள் 2020-ல் இதைக் கணக்கோடு விளக்கினார்கள்.

துல்லியத்துக்கு வருவோம். மணிக்கு 84 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து 20 கெஜத்தை, அதாவது 18.3 மீட்டரை, சுமார் 0.8 விநாடியில் கடக்கும். அதற்குள் புவியீர்ப்பு அதை 3 மீட்டர் கீழே இழுத்திருக்கும். எறியும் திசை ஒரு பாகை தவறினால் 20 கெஜத்தில் 32 சென்டிமீட்டர் விலகும், 40 கெஜத்தில் 64. பிடிப்பவரோ நிற்பதில்லை. விநாடிக்கு 9 மீட்டர் ஓடினால் அந்த 0.8 விநாடியில் 7 மீட்டர் தாண்டிப் போயிருப்பார். ஆகவே ஆள் இப்போது இருக்கும் இடத்துக்கு எறிந்து பயனில்லை, வரப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும். பிரீஸின் உயரம் 6 அடி. அவருக்கு முன்னால் நிற்பவர்கள் பலர் அவரைவிட நாலைந்து அங்குலம் கூடுதல். அவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் பார்த்துத்தான் இதையெல்லாம் செய்தார்.

இத்தனையும் தொங்குவது தோள்மூட்டில். பள்ளி விளையாட்டு விழாக்களில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்து ஓடுவார்களே, ஏறக்குறைய அப்படிப்பட்ட மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பழம், தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத குழி கரண்டி. எலும்புத் தலையில் மூன்றில் ஒரு பங்குகூட எந்த நேரத்திலும் குழிக்குள் இருப்பதில்லை. குழியின் விளிம்பில் ஒரு குருத்து வளையம் ஓடி அதைக் கொஞ்சம் ஆழமாக்குகிறது. சுற்றிலும் நான்கு சிறு தசைகள் எலும்பைக் குழிக்குள் அழுத்திப் பிடிக்கின்றன. பந்து போன பிறகு பறக்கும் கையைப் பிடித்து நிறுத்துவதும் முக்கியமாக இவற்றில் பின்பக்கத்துத் தசைகளின் வேலை. இடுப்புமூட்டு ஆழமான கிண்ணம், எளிதில் கழலாது. ஆனால் அதைத் தலைக்கு மேல் சுழற்றவும் முடியாது. தோள் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு உறுதியை விட்டுக்கொடுத்த மூட்டு.

பிரீஸுக்கு அந்த வளையம் முழு வட்டமாகக் கிழிந்திருந்தது, தசைநாணிலும் கிழிசல். அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் அறுவை சிகிச்சை செய்தார். குழியின் விளிம்பில் துளையிட்டு, நூல் கோத்த சிறு முளைகளை இறக்கி, அந்த நூலால் வளையத்தை எலும்போடு சேர்த்துக் கட்டுவார்கள். சாதாரணக் கிழிசலுக்கு மூன்று நான்கு முளை போதும். பிரீஸுக்குப் பத்துக்கு மேல் தேவைப்பட்டன.

சிக்கலே இங்கேதான். தளர்வாகக் கட்டினால் தோள் மறுபடி கழலும். இறுக்கிக் கட்டினால் கழலாது, ஆனால் கை பின்னுக்கு வளையாது; வில்லை இழுக்காமல் அம்பு விட முடியாது. மற்றவர்களுக்குச் சில பாகை வளைவு குறைந்தால் அன்றாட வேலைக்கு ஒன்றும் ஆகாது. குவார்ட்டர்பேக்குக்கு அந்தச் சில பாகைதான் பிழைப்பு. வளையம் எலும்போடு ஒட்ட ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். முதல் சில வாரம் கையைத் தாங்கும் தூளி, பிறகு மற்றவர் பிடித்து மெல்ல அசைக்கும் பயிற்சி, தோள்பட்டைத் தசைகளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சி, கடைசியில் சில கெஜத் தூரத்துக்கு மென்மையான எறிதல். அவசரப்பட்டால் கட்டிய நூல் எலும்பை விட்டு வந்துவிடும்.

அவரைப் பரிசீலித்த மயாமி அணியின் மருத்துவர்களுக்கு அந்தத் தோளில் நம்பிக்கை வரவில்லை. மயாமி வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தது. கத்ரீனா புயலில் சிதைந்து, முந்தைய பருவத்தில் 16 ஆட்டங்களில் மூன்றே வென்றிருந்த நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 2006 மார்ச்சில் அவரை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே எறிதல்களால் 4418 கெஜம் சேர்த்து லீகிலேயே முதலிடம் பிடித்தார். 2010 பிப்ரவரி 7 அன்று சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் 39 எறிதல்களில் 32 சரியாகப் போய்ச் சேர்ந்தன. கோப்பை நியூ ஆர்லியன்ஸுக்கு. 20 பருவங்களின் வழக்கமான ஆட்டங்களில் 10,551 முறை எறிந்து 80,358 கெஜம் சேர்த்து, 2021-ல் ஓய்வு பெற்றார். ஒரு முறை வெட்டித் தைத்த தோள் இத்தனை எறிதலைத் தாங்கியதை, மருத்துவரின் கைத்திறனுக்கும் ஆட்டக்காரரின் எறிமுறை ஒழுங்குக்கும் சமமாக எழுத வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் கழன்ற மூட்டில் எலும்புகளின் மேலிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு சேதமடைந்தால் அது சரியாக வளர்வதில்லை. ஒவ்வொரு எறிதலும் அதை இன்னும் கொஞ்சம் தேய்க்கும், மூட்டுவாதம் சேரும். ஓய்வுக்குப் பிந்தைய பேட்டி ஒன்றில் பிரீஸ், வலது கையால் இப்போது எறிய முடிவதில்லை என்றும், தேய்மானத்தின் தொடக்கம் 2005-ல் பட்ட அந்த அடிதான் என்றும் சொன்னார். பிள்ளைகளோடு விளையாடும்போது பந்தை இடது கையால் எறிகிறாராம்.