பட்டியலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் டெஸ்ட் பார்க்கிறதா?

இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. சோழிங்கநல்லூரில் நான் கோட் ரிவியூ செய்யப் போகும் ஒரு குழு, தவணை கட்டாதவர்களுக்கு இரவில் நினைவூட்டல் அனுப்பும் நிரலை மாற்றி எழுதியிருந்தது. டெஸ்ட் எல்லாம் பச்சை. மறுநாள் காலை எட்டு மணிக்கே போன் வர ஆரம்பித்துவிட்டது: "போன வாரமே கட்டிட்டேனே, எனக்கு எதுக்குங்க மெசேஜ்?" கட்டாதவர்களின் பட்டியல் போக வேண்டிய இடத்துக்குக் கட்டியவர்களின் பட்டியல் போயிருந்தது.

டெஸ்டைத் திறந்தேன். ஜாவா நிரல்; டெஸ்டில் மாக்கிட்டோ (Mockito, உண்மையான பாகங்களுக்குப் பதில் போலிகளை வைத்து டெஸ்ட் செய்ய உதவும் கருவி). போலியை எந்த மதிப்போடு அழைத்தார்கள் என்று சரிபார்க்கும் வெரிஃபை (verify) வரியில், அடைப்புக்குள் எனிலிஸ்ட் (anyList). நல் (null, அதாவது எதுவுமே இல்லாதது) அல்லாத எந்தப் பட்டியல் வந்தாலும் அது தலையாட்டும்.

எழுதிய தம்பி நல்ல பையன், கவனமானவன். "அக்கா, லிஸ்ட் ஆஃப் கஸ்டமர்னு டைப் போட்டுத்தானே எழுதினேன்? தப்பான லிஸ்ட் போனா மாக்கிட்டோ பிடிச்சிருக்கணுமே?" என்றான். இதே கேள்வியைப் பத்து வருட அனுபவம் உள்ளவர்களும் கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிடிக்காது. பட்டியலுக்குள் என்ன டைப் இருக்கும் என்று எழுதும் வசதியான ஜெனரிக்ஸ் 2004-இல் ஜாவா 5-உடன் வந்தது. பழைய நிரல்கள் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதால், முனைக்குறிக்குள் (< >) நீங்கள் எழுதும் டைப்பைக் கம்பைலர் சரிபார்த்துவிட்டு அழித்துவிடுகிறது. நிரல் ஓடும்போது பட்டியல் வெறும் பட்டியல்தான். உள்ளே என்ன டைப் என்ற அறிவு அதற்கு இல்லை. நீங்கள் லிஸ்ட் ஆஃப் கஸ்டமர் என்று டைப்பைக் கொடுத்து எனி (any, எது வந்தாலும் சரி) என்று எழுதினாலும், வெறும் எனிலிஸ்ட் என்று எழுதினாலும், ஓடும்போது உள்ளே இருப்பதை இரண்டும் பார்ப்பதில்லை. டைப்பைக் கொடுப்பதால் கம்பைலரின் மஞ்சள் எச்சரிக்கை இருந்தால் அது போகும். அவ்வளவுதான். அந்த மஞ்சள் கோட்டை நீக்க அரை நாள் செலவழித்துவிட்டு, டெஸ்ட் பலமாகிவிட்டது என்று நம்புகிறார்கள். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனை எண்ணி வாங்குகிறீர்கள், திறந்து பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஜாவா டைப்பை அழிக்காமல் வைத்திருந்தாலும் அந்தத் தம்பி தப்பித்திருக்க மாட்டான். கட்டியவர்களும் கஸ்டமர்கள், கட்டாதவர்களும் கஸ்டமர்கள். டைப் ஒன்றே. வேறுபாடு உள்ளே இருக்கும் ஆட்களில்தான். அதை டெஸ்ட்தான் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? எந்தப் பட்டியல் போக வேண்டும் என்று தெரிந்தால் அதையே கொடுங்கள், எனிலிஸ்ட் மாதிரி எது பொருந்தும் என்று சொல்லும் மேட்சரே வேண்டாம். பட்டியல் ஒப்பீடு வரிசையையும் பார்க்கும், கஸ்டமர் கிளாஸில் இரண்டும் ஒன்றா என்று சொல்லும் ஈக்வல்ஸ் (equals) சரியாக இருக்கவும் வேண்டும். வரிசை முக்கியமில்லை என்றால் ஆர்க்தட் (argThat) போட்டு உங்கள் நிபந்தனையை எழுதுங்கள். அல்லது அழைப்பில் போன மதிப்பை ஆர்க்யுமென்ட் கேப்டரில் (ArgumentCaptor) பிடித்து அசர்ட் செய்யுங்கள். டெஸ்ட் விழுந்தால் என்ன வந்தது என்று படிக்க அதுதான் எளிது. ஆனால் கேப்டர் பட்டியலின் நகலை எடுப்பதில்லை. அனுப்பி முடித்ததும் நிரல் அதே பட்டியலை கிளியர் செய்தால், உங்கள் கையில் கிடைப்பது காலிப் பட்டியல். இதில் ஒரு மாலை முழுக்கத் தலையை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஒரு ஆர்க்யுமென்ட்டுக்கு மேட்சர் வைத்தால் அந்த அழைப்பில் எல்லாவற்றுக்கும் வையுங்கள். நேரடி மதிப்பை ஈக்யூவுக்குள் (eq) போடுங்கள். மாக்கிட்டோ 2-இலிருந்து எனிலிஸ்ட் நல்லை ஏற்காது. ஸ்டப் (இப்படி அழைத்தால் இதைத் திருப்பு என்று போலிக்குச் சொல்லி வைப்பது) பொருந்தாவிட்டால், பட்டியல் திருப்பும் மெத்தட் சத்தமில்லாமல் காலிப் பட்டியலைத் தரலாம். பழைய பதில்களில் பார்த்து எனிலிஸ்ட்ஆஃப் (anyListOf) எழுதாதீர்கள், மாக்கிட்டோ 4-இல் அதை நீக்கிவிட்டார்கள்.

ஸ்டப் செய்யும் இடத்தில் எனிலிஸ்ட் இருந்தால் நான் சண்டை போட மாட்டேன். அங்கே அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. வெரிஃபையில் மட்டும் வேண்டாம். தயவுசெய்து இன்றைக்கே உங்கள் ரெப்போவில் எனிலிஸ்ட் என்று தேடுங்கள். வெரிஃபைக்குள் இருப்பவற்றை முதலில் எடுங்கள். அதிலும் பணம், மருந்து, மெசேஜ் போகும் இடங்களை இந்த வெள்ளிக்கிழமை டெப்ளாய்க்கு முன்னால் திருத்துங்கள்.