ஏற்காட்டுக் குளிரில் 106 டிகிரி

சேலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எனக்கு, பின்னிரவில் ஏற்காட்டிலிருந்து ஒரு கார் வேகமாக வந்து நின்றால் சாலை விபத்துதான் முதலில் நினைவுக்கு வரும். அன்று இறக்கப்பட்ட 17 வயதுப் பையனின் உடலில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. சட்டையைப் பிழியலாம் போல் வியர்த்திருந்தது. பற்களை நறநறவெனக் கடித்ததில் கன்னத்தின் உட்புறம் கிழிந்து இரத்தம் கசிந்தது. உடல் வெப்பம் 106 டிகிரி. உடன் வந்த மூவரும் "பிரியாணி ஒத்துக்கல டாக்டர்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவன் விழுங்கியிருந்தது, பையன்கள் 'எம்டி' என்றும் செய்தித்தாள்கள் எக்ஸ்டசி என்றும் சொல்லும் எம்டிஎம்ஏ என்ற போதை மாத்திரைகள் இரண்டு. இது வேலையைக் காட்ட முக்கால் மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், 'ஏறவில்லை' என்று அடுத்ததைப் போடும் வேளையில் முதல் மாத்திரை ஏறிக்கொண்டிருக்கும். ஒரு மாத்திரைக்குள் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது, வேறென்ன கலந்திருக்கிறது என்பது விற்றவனுக்கும் தெரியாது.

மலைக் குளிரில் விருந்து வைத்து ஆடினால் உடம்பு சூடாகாது என்று இதை விழுங்கும் பையன்கள் நம்புகிறார்கள். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் ஒரேயடியாகக் கொட்டப்படும்போது உடலின் வெப்பக் கட்டுப்பாடே குலைந்துவிடுகிறது, களைப்பும் தெரிவதில்லை. மணிக்கணக்கில் இறுகி இயங்கும் தசைகள் சிதையத் தொடங்கி, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது; சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். இது கிருமியால் வரும் காய்ச்சல் அன்று என்பதால், வீட்டில் கைக்குக் கிடைக்கும் பாராசிட்டமால் இங்கே பயன்படாது. ஈரத்துணி, மின்விசிறி, பனிக்கட்டி கொண்டு உடலைக் குளிர்விப்பதும் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசிகளுமே வழி. இதை முறிப்பதற்கென்று தனி மருந்து கிடையாது.

நண்பர்கள் அக்கறையோடு செய்த இன்னொரு காரியம், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கவைத்தது. எம்டிஎம்ஏ சிறுநீர் பிரிவதைத் தடுக்கும் ஹார்மோனைத் தூண்டுவதால், குடித்த நீர் வெளியேறாமல் இரத்தத்தின் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்து, மூளையை வீங்கவைக்கும். அவனுக்கு வந்த வலிப்புக்குக் காரணம் அதுதான்.

இதுபோன்ற விருந்துகளில் புழங்கும் வேறு போதைப்பொருள்களில், கெட்டமைன் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கிக் கால் மணிக்கொரு முறை கழிப்பறைக்கு ஓடவைக்கும் என்பதையும், நிறமற்ற திரவமான ஜிஹெச்பி மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தக்கூடும் என்பதையும் இங்கே குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மருத்துவமனைக்குக் கொண்டுவருவதில் நேரும் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் காவல்துறை மீதும் அப்பா மீதும் உள்ள பயம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே, சிறிதளவு பொருள் தொடர்பான வழக்கில் சிக்கிய போதை அடிமை தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்கும் 64ஏ பிரிவு இருக்கிறது என்பதை நான் சந்தித்த பெற்றோர் பலரும் அறிந்திருக்கவில்லை. மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மீட்சிக்கான ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

பையன் ஆறாம் நாள் வீடு திரும்பினான். மூவரில் ஒருவன் பிறகு தனியாக வந்து என்னிடம் பேசினான். வலிப்பு வந்தபின் ஒரு மணி நேரம் அறையிலேயே காத்திருந்தார்களாம். பிறகு அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கும்போது, என்ன பொய் சொல்வது என்பதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்களாம்.